கேபிள் மாட்டத் தெரிந்தவரும் கல்வித் தொழில்நுட்பம் படித்தவரும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பணியில் இருந்துகொண்டே கல்வித் தொழில்நுட்பத்தில் முதுநிலைப் படிப்பு படிப்பது குறித்து இம்முறை ஆசிரியர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஐந்து கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயரும் பள்ளியும் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் 14 ஆண்டுகளாக அறிவியல் பட்டதாரி ஆசிரியையாக இருக்கிறேன். பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் அரசின் எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றுவது, கணினி நின்றுபோனால் ஓட வைப்பது, திறன்பலகைக்கு (ஸ்மார்ட் போர்டு) கேபிள் மாட்டுவது என எல்லாவற்றுக்கும் என்னைத்தான் அழைக்கிறார்கள். கல்வித் தொழில்நுட்பத்தைச் சிறப்புப் பாடமாகக் கொண்டு எம்.ஏ. கல்வியியல் சேரலாமா என்று யோசிக்கிறேன். "ஊக்க ஊதிய உயர்வையே நிறுத்திவிட்டார்கள், இதைப் படித்து என்ன ஆகப்போகிறது?" என்கிறார் என் கணவர். இந்தப் படிப்பு என்னை இத்துறையில் வழிநடத்துபவளாக ஆக்குமா, பட்டம் பெற்ற கணினி உதவியாளராக ஆக்குமா?

பதில்: உங்கள் கணவரின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதில் நியாயம் இருக்கிறது. கூடுதல் கல்வித் தகுதிக்காகத் தமிழக அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் பெற்றுவந்த ஊக்க ஊதிய உயர்வு 2020 மார்ச் மாத அரசாணையோடு நின்றுபோனது. ஆகவே சம்பளத்தை மட்டும் மனத்தில் வைத்து இரண்டு ஆண்டு உழைப்பையும் கட்டணத்தையும் எடைபோட்டால் கணக்கு உதைக்கத்தான் செய்யும். நீங்கள் கேட்டிருப்பது வேறு. படிப்பு உங்களை வழிநடத்துபவராக ஆக்கக்கூடும்; ஆனால் இன்று உங்கள் தலையில் விழுந்திருக்கும் வேலைகளை இன்னும் திறமையாகச் செய்யலாம் என்ற எண்ணத்தோடு சேர்ந்தால் ஆக்காது.

யுனெஸ்கோ நிறுவனம் ஆசிரியர்களுக்கான தகவல் தொழில்நுட்பத் திறன் சட்டகம் ஒன்றை 2008-இல் வெளியிட்டு, அதன் மூன்றாம் பதிப்பை 2018-இல் கொண்டுவந்தது. ஆசிரியரின் பணியை அது ஆறு கூறுகளாகப் பிரிக்கிறது: கல்விக் கொள்கையில் தொழில்நுட்பத்தின் இடத்தைப் புரிந்துகொள்வது, பாடத்திட்டமும் மதிப்பீடும், கற்பிக்கும் முறை, கருவிகளைக் கையாளும் திறன், வகுப்பையும் பள்ளியையும் ஒழுங்கமைப்பது, ஆசிரியர் தம் தொழிலில் தொடர்ந்து கற்பது. இப்போது உங்களுக்கு வரும் அழைப்புகளை ஒரு வாரம் குறித்துவைத்துப் பாருங்கள். அனைத்தும் கருவி கையாளுதல் என்ற அந்த ஒன்றுக்குள் அடங்கிவிடும். மற்ற ஐந்துக்கும் உங்களை யாரும் அழைப்பதில்லை, அவற்றில் உங்களிடம் சொல்வதற்கு ஏதேனும் இருக்கும் என்றே யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். முதுநிலைப் படிப்பு உண்மையில் அந்த ஐந்தைப் பற்றியது.

ஒரு பாடத்தை வைத்தே சொல்கிறேன், நீங்கள் அறிவியல் ஆசிரியை என்பதால் மின்சுற்றை எடுத்துக்கொள்வோம். மின்கலத்திலிருந்து புறப்படும் மின்னோட்டத்தில் ஒரு பகுதியை விளக்கு தின்றுவிடுகிறது, மிச்சம்தான் மின்கலத்துக்குத் திரும்புகிறது என்று பிள்ளைகள் நினைப்பது பல நாடுகளில் பதிவான பிழைக்கருத்து. நம் பிள்ளைகளுக்கு அது இன்னும் எளிதாக ஒட்டிக்கொள்ளும், ஏனென்றால் "கரண்ட் செலவாகிறது, விசிறியை நிறுத்து" என்பது தினமும் அவர்கள் காதில் விழுகிற பேச்சு. இந்தப் பாடத்துக்கு வண்ணமயமான காணொளி ஒன்றைத் திறன்பலகையில் ஓட்டிவிட்டு வந்தால் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தியதாகப் பதிவேட்டில் எழுதலாம், பிழைக்கருத்து அசையாது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய ஃபெட் திட்டத்தின் மின்சுற்றுப் பாவனை, அதாவது சோதனையைக் கணினித் திரையிலேயே செய்துபார்க்கும் வசதி, இலவசமாகக் கிடைக்கிறது. விளக்குக்கு முன்பும் பின்பும் மின்னோட்டத்தை அளக்கும் ஓர் அம்மீட்டரை வைத்தால் அளவு எப்படியிருக்கும் என்று முதலில் பிள்ளைகளை நோட்டில் எழுதச் சொல்லி, பிறகு பாவனையில் அளந்து காட்டி, இரண்டு இடத்திலும் ஒரே அளவு வரும்போது "அப்படியானால் எது செலவாகிறது?" என்று கேட்டால் வகுப்பு விழித்துக்கொள்ளும். பாடப்பொருள் எங்கே சறுக்கும், அந்தச் சறுக்கலை எந்த முறையில் கையாள்வது, அந்த முறைக்கு எந்தக் கருவி பொருந்தும் என்ற மூன்றும் ஒரே தலைக்குள் கூடிநிற்கும் அறிவை, பாடப்பொருளும் கற்பித்தலும் தொழில்நுட்பமும் இணைந்த அறிவு என்று மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006-இல் வகுத்துக் காட்டினார்கள். அதற்கு அடித்தளம் அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986-இல் போட்டது. பொருளை அறிவது ஒன்று, அதைப் பிறருக்குக் கற்பிக்க அறிவது இன்னொன்று, இரண்டும் கலந்த தனி அறிவு ஒன்று ஆசிரியருக்கு உண்டு என்றார் அவர். உங்களிடம் அந்த அறிவு 14 ஆண்டு அனுபவமாகவே இருக்கிறது. அதற்குப் பெயர் தெரிவதும், அடுத்தவருக்கு எடுத்துச்சொல்லும்படி அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிவதும் படிப்பால் வருபவை.

வழிநடத்துதல் என்பதைப் பதவியாக நினைத்துக் கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். என் பார்வையில் அதற்கு ஓர் எளிய சோதனை உண்டு: நீங்கள் பத்து நாள் மருத்துவ விடுப்பில் போனால் உங்கள் பள்ளியில் திறன்பலகை இயங்குமா? இயங்காது என்றால் பள்ளி உங்களை நம்பியிருக்கிறது, அவ்வளவே. கேபிள் மாட்டும் வரிசையைப் படமெடுத்து பலகைக்கு அருகிலேயே ஒட்டி, ஒன்பதாம் வகுப்பில் நான்கு பிள்ளைகளுக்கு அதைப் பழக்கிவிட்டு, மிஞ்சும் நேரத்தில் கணக்கு ஆசிரியரோடு அமர்ந்து அவருடைய பிள்ளைகள் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்று பேசத் தொடங்குங்கள். கல்வி நிறுவனத்தில் சேர்வதற்கு முன்பே உங்கள் படிப்பு தொடங்கிவிடும். பாடங்களை வடிவமைக்கும் முறைகளில் முதலில் கற்பிக்கப்படுவது ஐந்து படி கொண்டது: பகுப்பாய்வு, வடிவமைப்பு, உருவாக்கம், நடைமுறைப்படுத்தல், மதிப்பீடு. 1975-இல் அமெரிக்க ராணுவப் பயிற்சிக்காக ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவானது. நம் பள்ளிகளில் நான் பார்த்தவரை மூன்றாம் படியில்தான் எல்லோரும் வண்டி ஏறுகிறோம். காணொளி தயாராகிவிடும், அது யாருக்கு எந்தக் குறையைத் தீர்க்க வேண்டும் என்பது பிறகு தேடப்படும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் பாதியில் விடுவது இதனால்தான். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் இந்தப் படிப்பில் பாடநூல்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே உள்ளன. தமிழ்வழியில் படித்துத் தமிழிலேயே பாடம் நடத்திவரும் ஓர் ஆசிரியைக்கு முதல் ஆறு மாதம் சொற்களோடு மல்லுக்கட்டுவதிலேயே போகும். ஒரு கையேட்டில் ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் அகராதிப் பொருளை எழுதாமல், நம் ஊரில் அது எதைப் போன்றது என்று எழுதிவையுங்கள். 1976-இல் உட், புரூனர், ராஸ் ஆகிய மூவரும் கட்டுரையொன்றில் பயன்படுத்திய ஸ்காஃபோல்டிங் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்; கற்பவர் தாமாகச் செய்யும்வரை ஆசிரியர் கொடுத்துப் பிறகு விலக்கிக்கொள்ளும் உதவி அது. வீடு கட்டும்போது மூங்கிலால் கட்டுகிறோமே, அந்தச் சாரம்தான். சுவர் எழும்பும்வரை தாங்கும், எழும்பிய பின் அவிழ்த்துவிட வேண்டும், அவிழ்க்காமல் விட்டால் வீட்டுக்குள் குடிபோக முடியாது. இதை எழுதிவைத்தவர் தேர்வில் எந்த மொழியிலும் விடை எழுதிவிடுவார்.

கேள்வி: நான் வட்டார வளமையத்தில் ஆசிரியர் பயிற்றுநர். முதுநிலை இரண்டாம் ஆண்டில் ஆய்வேடு எழுத வேண்டும். "எட்டாம் வகுப்பு மாணவர்களின் அறிவியல் அடைவில் திறன்பலகையின் தாக்கம்" என்ற தலைப்பில், ஒரு பிரிவுக்குத் திறன்பலகையிலும் மற்றொரு பிரிவுக்குக் கரும்பலகையிலும் கற்பித்து மதிப்பெண்ணை ஒப்பிட எண்ணியிருக்கிறேன். இது சரிதானா?

பதில்: வழிகாட்டிப் பேராசிரியர் ஏற்றுக்கொள்ளக்கூடும், பட்டமும் வரக்கூடும். ஆனாலும் வேண்டாம் என்பேன்.

இதே ஒப்பீட்டை வானொலிக்கும் திரைப்படத்துக்கும் தொலைக்காட்சிக்கும் கணினிக்கும் பல பத்தாண்டுகளாகச் செய்து சலித்துவிட்டார்கள். 1983-இல் ரிச்சர்ட் கிளார்க் என்ற அமெரிக்கக் கல்வியாளர் அந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, ஊடகம் வெறும் வண்டி என்று முடிவுகட்டினார். மளிகைப் பொருளைக் கொண்டுவரும் லாரியை மாற்றினால் உண்பவரின் உடம்பு தேறுவதில்லை, அதேபோல் பாடத்தைச் சுமந்துவரும் கருவியை மாற்றுவதால் கற்றல் கூடுவதில்லை, கற்பிக்கும் முறையே அதைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது என்பது அவருடைய வாதம். ராபர்ட் கோஸ்மா என்ற இன்னோர் ஆய்வாளர் இதை மறுத்து, ஒவ்வோர் ஊடகத்துக்கும் அதற்கே உரிய ஆற்றல்கள் உண்டு, அவற்றை முறையோடு சேர்த்தே ஆராய வேண்டும் என்று எழுதினார். 1994-இல் இருவரும் மீண்டும் மோதிக்கொண்டார்கள். நான் கோஸ்மாவின் பக்கம் கொஞ்சம் சாய்பவன். இருந்தாலும் உங்கள் தலைப்பு கிளார்க்கின் கத்திக்கு அப்படியே கழுத்தை நீட்டுகிறது. திறன்பலகை வந்த பிரிவுக்கு நீங்கள் கூடுதலாகத் தயார்செய்துகொண்டு போவீர்கள். புதுப்பொருளைக் கண்ட ஆர்வத்தில் பிள்ளைகள் இரண்டு வாரம் கவனமாக இருப்பார்கள். இரண்டு பிரிவுகளும் தொடக்கத்திலேயே ஒரே தரத்தில் இருந்திருக்காது. வரும் மதிப்பெண் வித்தியாசம் எதனால் வந்தது என்று உங்களாலேயே சொல்ல முடியாது.

உங்கள் வேலைக்குள்ளேயே இதைவிட நல்ல கேள்வி ஒன்று இருக்கிறது. ஆண்டுதோறும் அருகிலுள்ள சில பள்ளிகளுக்குப் பொதுவான குறுவளமையத்தில் பயிற்சி நடத்துகிறீர்கள், பின்னூட்டப் படிவம் வாங்குகிறீர்கள். டொனால்ட் கிர்க்பேட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959-இல் பயிற்சியை அளக்க நான்கு நிலைகள் சொன்னார்: வந்தவர்களுக்குப் பிடித்ததா, கற்றார்களா, வேலையிடத்தில் நடந்துகொள்ளும் விதம் மாறியதா, அதனால் விளைவு ஏதும் கிடைத்ததா. நம் படிவங்கள் முதல் நிலையைத் தாண்டுவதில்லை, அதிலும் பலர் மதியச் சாப்பாட்டைப் பற்றித்தான் மனமாரக் கருத்துச் சொல்கிறார்கள். உங்கள் ஒன்றியத்தில் ஒரு பயிற்சிக்கு வந்த எட்டுப் பத்து ஆசிரியர்களைத் தேர்ந்துகொண்டு, மூன்றாம் வாரத்திலும் மூன்றாம் மாதத்திலும் அவர்கள் வகுப்பில் போய் அமர்ந்து பாருங்கள். கற்றதில் எது வகுப்பறைக்குள் நுழைந்தது, எது வாசலிலேயே நின்றுவிட்டது, ஏன் நின்றது என்று எழுதுங்கள். பள்ளிப் பார்வை உங்கள் பணியின் பகுதியாகவே இருப்பதால் தனியாக நேரம் தேட வேண்டியதில்லை. வேறு ஆய்வாளர் எவருக்கும் அவ்வளவு எளிதில் கிடைக்காத கதவு உங்களுக்குத் திறந்திருக்கிறது. இத்தகைய ஆய்வில் ஆட்கள் குறைவாக இருப்பது குற்றம் ஆகாது, மேலோட்டமாக இருப்பதுதான் குற்றம்.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு கட்டாயம். ஆசிரியர்களிடமும் தலைமையாசிரியரிடமும் எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள். நீங்கள் பார்வையிடுவது ஆய்வுக்காகவா அறிக்கைக்காகவா என்ற சந்தேகம் அவர்களுக்கு இருந்தால் உண்மையான வகுப்பை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கத்தையும் ஆய்வுக்காலத்தில் அறவே விட்டுவிடுங்கள். 2023-ஆம் ஆண்டின் எண்ணிம முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலை வேண்டுகிறது. ஆசிரியர்களுக்கே பயிற்சி அளிக்கும் நீங்கள் அதை முதலில் கடைப்பிடித்துக் காட்டினால் நல்லது.

கேள்வி: தேனி மாவட்டத்தில் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருக்கிறேன். எங்கள் ஆசிரியை ஒருவர் கல்வித் தொழில்நுட்பத்தில் பட்டம் முடித்துவிட்டு வந்ததிலிருந்து, எல்லா ஆசிரியர்களும் வினாடிவினாக்களை இணையவழியில் நடத்த வேண்டும், மாணவர் கோப்புகளை மின்வடிவில் வைக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறார். மூத்த ஆசிரியர்கள் முணுமுணுக்கிறார்கள். நான் யார் பக்கம் நிற்பது?

பதில்: பக்கம் எடுக்கும்படி நிலைமையை வளரவிட்டதில் உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது, ஐயா. படித்துவிட்டு வந்தவருக்கு என்ன பொறுப்பு, எவ்வளவு நேரம், எந்த வகுப்பு என்று நீங்கள் வரையறுத்துக் கொடுக்காததால் அவர் முழுப் பள்ளியையும் தம் களமாக எடுத்துக்கொண்டார்.

புதியது ஒன்று ஒரு சமூகத்துக்குள் எப்படிப் பரவுகிறது என்று அமெரிக்கச் சமூகவியலாளர் எவரெட் ரோஜர்ஸ் 1962-இல் எழுதியது அந்த ஆசிரியையின் பாடத்திட்டத்தில் பெரும்பாலும் இருந்திருக்கும். அந்தச் சிந்தனை வளர்ந்தது வயலில். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கலப்பின மக்காச்சோள விதை உழவர்களிடையே பரவிய விதத்தை ரையன், கிராஸ் என்ற இருவர் ஆராய்ந்து 1943-இல் வெளியிட்டார்கள். விதையைப் பற்றி முதலில் சொன்னவர் பெரும்பாலும் விற்பனையாளர்தான். ஆனால் விதைக்கலாம் என்று உழவர் மனத்தைத் திருப்பியது பக்கத்து நிலத்துக்காரர். நம் ஊரிலும் அப்படித்தானே? வேளாண் அலுவலர் எத்தனை கூட்டம் போட்டாலும், அடுத்தவர் வயலில் கதிர் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று வரப்பில் நின்று பார்க்காமல் எவரும் ரகத்தை மாற்றுவதில்லை. உங்கள் ஆசிரியை இப்போது விற்பனையாளரின் இடத்தில் நிற்கிறார். அவரைப் பக்கத்து நிலத்துக்காரராக மாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது.

அவருக்கு ஒரு வகுப்பு, ஒரு பருவம், வாரத்தில் ஒரு பாடவேளை விடுப்பு கொடுங்கள். எமிஸ் வேலையை அவரிடமிருந்து எடுத்துவிடுங்கள். அதைச் செய்ய முதுநிலைப் பட்டம் தேவையில்லை. இணையவழி வினாடிவினாவால் திருத்தும் நேரம் குறைந்ததா, எந்தக் கேள்வியில் அதிகம் பேர் தவறினார்கள் என்பது மறுநாளே தெரிந்ததா என்பதை அவர் தம் வகுப்பில் காட்டட்டும். விருப்பமுள்ள ஒரே ஓர் ஆசிரியர் போய்ப் பார்க்கட்டும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அறிவிப்பு வேண்டாம், பாராட்டும் இப்போது வேண்டாம்; மூத்தவர்கள் முன்னால் இளையவரைப் பாராட்டுவது சில பள்ளிகளில் அவரைப் பகைவராக்கும் நேர்வழி.

மூத்தவர்களின் முணுமுணுப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். "மின்சாரம் நின்றால் என்ன செய்வாய்? கைப்பேசி இல்லாத பிள்ளை என்ன செய்யும்?" என்று யாராவது கேட்டிருப்பார்கள். கேட்டவரின் தொனி கசப்பாக இருக்கலாம், ஆனால் கேள்வி சரியானது. புதிய முறை ஏற்கெனவே உள்ள பழக்கத்தோடு ஒத்துப்போகிறதா, சிறிதாகச் செய்துபார்க்க இடமிருக்கிறதா, பயன் மற்றவர் கண்ணுக்குத் தெரிகிறதா என்று ரோஜர்ஸ் வரிசைப்படுத்திய இயல்புகளைத்தான் அவர்கள் தங்கள் மொழியில் கேட்கிறார்கள். கணக்கைக் கரும்பலகையில் படிப்படியாக விரித்து எழுதிக் காட்டும் ஓர் ஆசிரியர், ஒவ்வொரு வரியையும் எழுதும்போதே ஏன் எழுதுகிறேன் என்று பேசிக்கொண்டே எழுதுகிறார் என்றால், அது எந்தச் செயலியிலும் எளிதில் கிடைக்காத கற்பித்தல். உங்கள் ஆசிரியை அதை ஒரு நாள் அவர் அனுமதியோடு பதிவுசெய்து, வராத பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டினால், தொழில்நுட்பம் தன்னைத் துரத்த வரவில்லை என்று அந்த மூத்தவருக்கும் புரியும்.

கேள்வி: நான் இதுவரை 60-க்கும் மேற்பட்ட பாடக் காணொளிகளை யூடியூபில் ஏற்றியிருக்கிறேன். இதற்கு மேல் முதுநிலைப் படிப்பு எனக்கு எதைக் கற்றுக்கொடுக்கும்?

பதில்: எதை வெட்ட வேண்டும் என்று கற்றுக்கொடுக்கும். ரிச்சர்ட் மேயர் என்ற உளவியலாளர் பல ஆண்டுச் சோதனைகளிலிருந்து பல்லூடகக் கற்றலுக்கு வகுத்த நெறிகளில் மூன்றை மட்டும் வைத்து உங்கள் காணொளிகளைப் பாருங்கள்: பாடத்துக்குத் தொடர்பில்லாத இசையும் படமும் கற்றலைக் குறைக்கின்றன, அசையும் படத்தோடு நீங்கள் பேசுவதையே அப்படியே திரையில் எழுத்தாகவும் ஓடவிட்டால் பார்ப்பவரின் கண் இரண்டு பக்கம் இழுபடுகிறது, நீளமான விளக்கத்தைக் கற்பவர் தாமே நிறுத்தி நகர்த்தும் துண்டுகளாகக் கொடுத்தால் நன்றாகப் பிடிபடுகிறது. உங்கள் கடிதத்தோடு அனுப்பியிருந்த இணைப்பைப் பார்த்தேன். முதல் 40 விநாடி பூ விரிகிறது, வீணை ஒலிக்கிறது, உங்கள் பெயர் சுழன்று வருகிறது. விளக்கம் தொடங்கிய பின் அருமையாக இருக்கிறது. பார்வை எண்ணிக்கையைச் சொல்லியிருந்தீர்கள். எந்த விநாடியில் பிள்ளைகள் வெளியேறுகிறார்கள் என்பதையும் அதே பக்கம் உங்களுக்குக் காட்டும், அதைத் திறந்து பாருங்கள்.

கேள்வி: திருநெல்வேலி மாவட்டத்தில் இடைநிலை ஆசிரியர் நான். முதுநிலைப் பட்டயம், எம்.ஏ., எம்.எட்., இணையவழி வெளிநாட்டுப் பட்டம் என்று பலவும் காதில் விழுகின்றன. எதில் சேர்வது? தாங்கள் எப்போது, ஏன் இத்துறையில் படித்தீர்கள் என்பதையும் அறிய ஆவல்.

பதில்: நோக்கத்தைப் பொறுத்தது. உங்கள் வகுப்பை மேம்படுத்துவதே நோக்கம் என்றால் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் கல்வித் தொழில்நுட்ப முதுநிலைப் பட்டயம் போதும். துறையை ஆழமாக அறிந்து பிற்பாடு ஆய்வுக்குப் போகும் எண்ணம் இருந்தால் இரண்டாண்டு எம்.ஏ. கல்வியியல், அதில் கல்வித் தொழில்நுட்பத்தைச் சிறப்புப் பிரிவாக எடுக்கலாம், பி.எட். இல்லாமலும் சேரலாம். ஆசிரியர் கல்வி நிறுவனங்களில் பணிக்குப் போவது குறிக்கோள் என்றால் எம்.எட். தான் பல இடங்களில் கேட்கப்படும்; 2014-ஆம் ஆண்டு விதிமுறைகள் அதை இரண்டாண்டுப் படிப்பாக்கின, பெரும்பாலும் பி.எட். முடித்திருக்க வேண்டும், வேலையை வைத்துக்கொண்டு படிப்பது கடினம். நேரில் படிக்க வாய்ப்பிருந்தால் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் மும்பை எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்திலும் கல்வித் தொழில்நுட்பத்துக்கென்றே தனித் துறைகள் உண்டு, ஐ.ஐ.டி. பம்பாயில் 2010 முதல் இத்துறையில் முனைவர் பட்ட ஆய்வு நடக்கிறது. வெளிநாட்டுப் பட்டம் என்று விளம்பரம் செய்யும் இணையவழி நிறுவனங்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்: ஒப்புதல் பெறாத வெளிநாட்டுக் கூட்டோடு வழங்கப்படும் இத்தகைய பட்டங்களை ஏற்க முடியாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2023 டிசம்பரில் அறிவித்தது. எதில் சேர்ந்தாலும் சேருவதற்கு முன்பே துறையின் முன்அனுமதியை எழுத்தில் வாங்கிப் பணிப்பதிவேட்டில் பதியச் செய்யுங்கள். படித்து முடித்த பிறகு அனுமதிக்கு அலைந்தவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் சங்கத்தில் கேட்டால் சொல்வார்கள்.

என் கதை சிறியது. 1986-ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி வந்த திட்டத்தில் பள்ளிகளுக்கு வானொலியோடு இணைந்த ஒலிநாடாக் கருவிகளும் வண்ணத் தொலைக்காட்சிகளும் வழங்கப்பட்டன. நான் வேலை பார்த்த பள்ளிக்கும் ஒரு கருவி வந்தது. வந்த நாளிலிருந்து தலைமையாசிரியர் அறைப் பீரோவுக்குள் இருந்தது. சாவியைக் கேட்டுக் கேட்டு, அவர் மாற்றத்தை வெறுப்பவர் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். 41 வயதில் தொலைநிலையில் படிக்கச் சேர்ந்தபோது, என் செயல்திட்டத்துக்காகச் சுற்றுவட்டாரத்தில் ஒன்பது பள்ளிகளுக்குப் போய், கருவிகள் ஏன் பயன்படவில்லை என்று விசாரிக்க வேண்டியிருந்தது. ஏழு பள்ளிகளில் ஒரே விடை. கருவி இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது, உடைந்தால் தணிக்கையில் தலைமையாசிரியரின் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஒரு வாரமல்ல, ஒன்பது ஆண்டுகள் எங்கள் தலைமையாசிரியரோடு ஒரே அலுவலறையில் தேநீர் குடித்த நான் அந்தக் கேள்வியை அவரிடம் ஒரு முறைகூடக் கேட்டிருக்கவில்லை. செயல்திட்டத்தை எடுத்துக்கொண்டு போய் அவரிடமே படித்துக் காட்டினேன். உடைந்தால் பொறுப்பு என்னுடையது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டுச் சாவியை மேசைமேல் வைத்தார். பெட்டியை இறக்கித் துடைத்து, ஒலிநாடாவைப் போட்டு அழுத்தினால், சுழலவில்லை. உள்ளே இருந்த ரப்பர் பெல்ட் எப்போதோ உருகிப் பிசினாகியிருந்தது. பழுதுபார்க்கும் செலவை அவர்தான் கொடுத்தார்.